தாள் சேகரங்களும் வெப்பமும்

அஞ்சல்தலை, பழைய பணத்தாள், முதற்பதிப்பு நூல் போன்ற தாள் சேகரங்கள் தீ தொடாமலேயே அழியக்கூடும். ஏனெனில் தாள் பற்றி எரிய ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்பட்டாலும், அதற்கு முன்பே அது பழுப்பேறி, நார் நலிந்து, தொட்டால் நொறுங்கும் நிலையை அடைந்துவிடுகிறது. இதனாலேயே தாளுக்கெனத் தரச்சான்று பெறும் தீத்தாங்கு பெட்டகங்கள், அதாவது குறித்த நேரம்வரை வெளிவெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் பெட்டிகள், உள்வெப்பம் 177 டிகிரியைத் தாண்டாதபடி சோதிக்கப்படுகின்றன.

அப்பெட்டகம் இயங்கும் விதத்தைச் சேகரிப்பாளர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அதன் சுவர்களுக்கிடையே நிரப்பப்படும் ஜிப்சம் போன்ற பொருளில் வேதிப்பிணைப்பாக அடங்கியிருக்கும் நீர், சூடேறும்போது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் அந்த நீராவியில் ஒரு பகுதி உள்ளேயும் பரவுவதால், எரியாமல் தப்பிய அஞ்சல்தலைகள் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டி மதிப்பிழக்கின்றன. தீ நேராத நாட்களிலும் இறுக மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிப்பதுண்டு. பலரும் இதை எண்ணிப்பார்க்காதது வருந்தத்தக்கது. ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே இட்டு அவ்வப்போது மாற்றுவதும், குறைந்த வெப்பத்திலேயே இளகும் பி.வி.சி. உறைகளை விலக்கி, ஏறத்தாழ 250 டிகிரி வரை உருகாத பாலியெஸ்டர் உறைகளைக் கையாள்வதும் ஈரத்தையும் வெப்பத்தையும் எதிர்கொள்ளத் தக்க வழிகளாகும்.

தீ அணைந்தவுடனே பெட்டகத்தைத் திறப்பது பெரும்பிழை. உள்ளே சூடேறியிருக்கும் தாள் வெளிக்காற்றின் ஆக்சிஜன் பட்டதும் பற்றிக்கொள்ளக்கூடுமாதலால், பெட்டகம் முழுதும் ஆறும்வரை, ஒரு நாள் ஆனாலும், காத்திருக்க வேண்டும்.