கை போய் நிற்கும் இடம்

காது கேளாத பிள்ளைகள் கரும்பலகையில் இருப்பதை அச்சடித்தாற்போல் நோட்டில் எழுதிவிடுவார்கள். பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று வீட்டில் மகிழ்வார்கள். எழுதியதைச் சைகையில் சொல்லச் சொன்னால்தான் புரிந்ததா என்று தெரியும். என் வகுப்பில் வாசிப்பை நான் அளப்பது அந்த வழியில்தான்.

கேட்கும் குழந்தை 'பால்' என்று எழுத்துக் கூட்டியதும், காதில் பலமுறை விழுந்த சொல் நினைவுக்கு வந்துவிடும். கேளாத குழந்தைக்கு எழுத்து நேராகப் பொருளைத் தொட வேண்டும். அந்தப் பொருளுக்கான சைகை முன்பே தெரிந்திருந்தால்தான் அது நடக்கும். அதனால் முதலில் பொருள், அடுத்து சைகை, பிறகு எழுதிய சொல், மறுபடியும் சைகை என்று கொண்டுபோகிறேன்.

பெயர்ச்சொற்கள் இப்படி எளிதில் பதிந்துவிடும். சிக்கல் வாக்கியத்தில்தான். "ரவி மாலாவுக்குப் பேனா கொடுத்தான்", "ரவிக்கு மாலா பேனா கொடுத்தாள்": உருபும் விகுதியும்தான் வேறு. பிள்ளைகள் பெயர் வந்த வரிசையைப் பார்த்து, இரண்டிலும் ரவிதான் கொடுத்தான் என்பார்கள். இந்திய சைகை மொழியில் இந்தக் 'க்கு' கையின் திசையில் இருக்கிறது. ரவிக்கு ஒரு பக்கம், மாலாவுக்கு மறுபக்கம் என்று இடம் குறித்துக்கொண்டு, 'கொடு' சைகையைக் கொடுப்பவரிடமிருந்து பெறுபவரை நோக்கி நகர்த்துவோம். கை போய் நிற்கும் இடம்தான் 'க்கு'. அதைக் காட்டிவிட்டு, பலகையில் அந்த உருபைச் சிவப்புச் சாக்பீஸால் வட்டமிடுவேன். பிறகு பிள்ளைகளே இரண்டு வாக்கியத்தையும் நடித்துக் காட்டுவார்கள்.

காலமும் அப்படித்தான். சைகையில் 'நேற்று' என்று தொடங்கிவிட்டால் வினை மாறாது. தமிழிலோ வந்தான், வருகிறான், வருவான் என்று வினைக்குள்ளேயே காலம் அடங்கியிருக்கிறது. அதனால் வினையைப் படித்ததும் முதலில் காலத்தைச் சைகையில் காட்டச் சொல்கிறேன். வினை கடைசியில் வருவது இரு மொழிக்கும் பொது என்பதால் வேலை கொஞ்சம் எளிதாகிறது.

டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி 2018-இல் 3,000 சொற்களோடு வந்தது. 2021-இல் 10,000 ஆனது. ஆசிரியருக்கு அது நல்ல துணை. ஆனால் அதை வைத்துச் சொல்லுக்குச் சொல் சைகை காட்டிக்கொண்டு போனால் வாக்கியம் புரியாது. முழு வாக்கியத்தின் பொருளையும் சைகையில் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் வர வேண்டும்.

சைகை பழகினால் படிப்பு வராது என்று அஞ்சும் பெற்றோரை இன்றும் பார்க்கிறேன். என் வகுப்பில் சைகை சரளமாக உள்ள பிள்ளைகள்தான் வாசிப்பில் முன்னே நிற்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த உடனே வீட்டில் எல்லோரும் சைகை கற்கத் தொடங்குங்கள்.