ஒரே மூட்டை, இரண்டு மண்

காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்களுக்கு வீராணம் பாசனத்தில் களிமண் நன்செய் இருக்கிறது. அம்மா வழியில் வந்த செம்மண் கொல்லை பண்ருட்டி அருகே. அங்கே கத்தரி, இங்கே சம்பா. இரண்டுக்கும் ஒரே கடையில்தான் யூரியா வாங்குகிறேன். 45 கிலோ மூட்டை, வேப்பெண்ணெய் பூசியது. மூட்டை ஒன்றானாலும் இரண்டு இடத்திலும் பயிர் உண்பது ஒன்றல்ல என்று புரிய எனக்குப் பல பட்டம் ஆயிற்று.

யூரியா மண்ணில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதை அமோனியமாக்கும். மண்ணில் காற்றோட்டம் இருந்தால் வேறு சில நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக்கும். செம்மண் கொல்லையில் இந்த வேலை மளமளவென்று நடக்கிறது. கத்தரிச் செடி பெரும்பாலும் நைட்ரேட்டைத்தான் உண்கிறது. நெல் வயலில் தேங்கிய தண்ணீர் காற்றை அடைத்துவிடுவதால் தழைச்சத்து அமோனியமாகவே நிற்கும். அமோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டுக்கும் களிக்கும் ஒரே மின்னேற்றம் என்பதால் ஒன்றை ஒன்று ஒட்டாது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு சம்பாவில் நான் கெட்டேன். ஐப்பசியில் மழை விட்டுப் பயிர் வெளுத்திருந்தது. சேறு இறுகும் ஈரத்தில் யூரியாவை வீசினேன். பச்சை கட்டியது. பிறகு வாய்க்காலிலும் தண்ணீர் வராமல் வயல் பத்து நாள் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்டது. அடுத்து கார்த்திகை மழை கொட்டி வரப்பு மூழ்கத் தண்ணீர் நின்றது. வடிந்து பார்த்தால் பயிர் மறுபடி மஞ்சள். “தண்ணி அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு தம்பி” என்றார் பக்கத்து வயல் பெரியவர். நானும் அப்படியே நம்பினேன்.

தண்ணீரோடு போனது கொஞ்சம்தான் இருக்கும். வயல் காய்ந்த நாட்களில் காற்று புகுந்து அமோனியம் நைட்ரேட்டாகியிருந்தது. மேலே தண்ணீர் நின்றதும், மூச்சுவிட ஆக்சிஜன் கிடைக்காத நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்து, நைட்ரஜன் வாயுவாக வெளியே விட்டன. காசு கொடுத்து வாங்கியது காற்றில் கலந்துவிட்டது. இது புரிந்ததிலிருந்து மேலுரம் போடும்போது வயலை வடித்துவிட்டுச் சேற்றில் போடுகிறேன். ஓரிரு நாளில் தண்ணீர் கட்டுகிறேன். போட்ட பிறகு வயல் வெடிக்கும்படி விடுவதில்லை. எங்கள் தொழிலில் உரத்தின் கணக்கு மடையில்தான் இருக்கிறது.

நெல் வயலில் தழைச்சத்து அமோனியமாகவே நிற்கும் என்றேன். நெல் நைட்ரேட்டைத் தொடுவதே இல்லை என்று அதற்குப் பொருளல்ல. வரப்போரம் ஒரு தூரைப் பிடுங்கி வாய்க்காலில் அலசிப் பாருங்கள். இளவேர் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதற்கு மூத்த வேரில் துருப்பிடித்தாற்போல ஒரு செம்படலம். இலை வழியே இறங்கிய காற்று வேரிலிருந்து கசிந்து, சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கிய அடையாளம் அது. அந்தக் கசிவு எட்டும் நூலளவு இடத்தில் நைட்ரேட்டும் உண்டாகிறது. உண்டான கையோடு வேர் அதை இழுத்துக்கொள்கிறது.

இழுப்பதற்கு வேரில் புரத வாசல்கள் இருக்கின்றன. 1993-ல் அராபிடாப்சிஸ் என்ற கடுகினச் சிறுசெடியில் அப்படி ஒரு வாசலின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். குளோரேட் என்ற நஞ்சும் அதே வாசல் வழியாகத்தான் நுழையும். வாசல் பழுதான செடிகள் நஞ்சுக்குத் தப்பின, அதுவே துப்பானது. வெளியே எவ்வளவு நைட்ரேட் இருக்கிறது என்று உணர்ந்து செடிக்குச் சொல்வதும் அதே வாசல்தான் என்று 2009-ல் தெரிந்தது. அதன் நெல் உறவுக்காரனில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால், ஜப்பானிகா நெல்லைவிட இண்டிகா நெல் நைட்ரேட்டை நன்றாக எடுக்கிறது என்று 2015-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாங்கள் நடும் ஆந்திரா பொன்னியும் சாவித்திரியும் இண்டிகாதான்.

பண்ருட்டிக் கொல்லையில் வேறு பாடம். அங்கே ஒரு பெருமழை போதும், நைட்ரேட் வேருக்குக் கீழே இறங்கிவிடும். “ஒரேயடியா கொட்டாத மாப்ள, கொஞ்சம் கொஞ்சமா குடு” என்று மாமா சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போது சொட்டுநீரில் கரைத்துப் பிரித்துக் கொடுக்கிறேன். காய்ப்பு முடிந்த செடியைப் பிடுங்கினால் சொட்டு விழுந்த பக்கம் மட்டும் பக்கவேர் சடைசடையாய் இருக்கும். ஈரத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் நைட்ரேட் மட்டுமே போதும் என்று 1970களில் பார்லி வேரில் செய்து காட்டியிருக்கிறார்கள். வேரின் ஒரு பகுதிக்கு மட்டும் நைட்ரேட் கொடுத்தபோது பக்கவேர் அங்கேதான் அடர்ந்தது. 2014-ல் ஜப்பானில் இன்னொன்றையும் கண்டார்கள். பசித்த வேர் ஒரு சிறு புரதத் துணுக்கை இலைக்கு அனுப்புகிறது. அதைக் கேட்ட இலை, சத்து கிடைக்கும் பக்கத்து வேரை இன்னும் இழுக்கச் சொல்கிறது.

வேரின் பசி இலைக்குப் போகிறதென்றால் நானும் இலையிடம்தான் கேட்க வேண்டும். நட்ட பதினான்காம் நாள் தொடங்கிப் பூக்கும் வரை, வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையோடு வயலில் இறங்குகிறேன். பத்துத் தூரில், முழுதாய் விரிந்த இளம் இலையை, என் உடம்பு நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுவேன். ஆறு இலையாவது அட்டையில் குறித்த பச்சையைவிட வெளுத்திருந்தால்தான் உரம். கேட்காமல் கொட்டினால் பயிர் கருத்துச் செழிக்கும். இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வரும், கதிர் கனத்த நேரத்தில் மழைக்காற்றில் சாய்ந்துவிடும்.

போன வாரம் பெரியவர் வரப்பில் நின்று, “என்ன தம்பி, எல்லாரும் போட்டாச்சு, நீ இன்னும் போடலையா?” என்றார். பத்தில் நாலு இலைதான் வெளுத்திருந்தது. அட்டையை அவர் கையில் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னேன். குனிந்து ஒவ்வொன்றாய் எண்ணினார். மூட்டையைப் பிரிக்காமலே வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.