இரு வெண்மைகள்

வெண்மை ஒன்றே என்று எண்ணியிருப்போர் ஒருமுறை பெயின்ற் கடைக்குச் சென்று வருதல் நன்று. சுதை என்னும் ஒரு சொல்லாற் பாலையும் சுண்ணத்தையும் குறித்த நம் முன்னோர்க்கு அத்தொல்லை இருந்திலது. எங்கள் இல்லத்து வடபுற அறைக்கென நான் தெரிந்தெடுத்தவை இரண்டு. வெண்பூச்சில் மஞ்சட்காவி சில துளி சேர்ந்தது ஒன்று. அது தந்தத்தை நிகர்த்தது. கருமை சில துளி சேர்ந்தது மற்றையது; அது சங்கை நிகர்த்தது. கடையின் நிற அட்டையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளே.

சுவரிலே இரண்டு முழ அகலத்தில் அருகருகே பூசியபோதுதான் பேதம் புலனாயிற்று. வடக்கு நோக்கிய அறைக்கு நேர்வெயில் இல்லை, ஆதலின் மஞ்சள் சார்ந்த வெண்மையே தகும் என மேனாட்டார் விதிப்பர். யாழ்ப்பாணத்துக்கு அவ்விதி முற்றும் பொருந்தாது. சித்திரை தொடக்கம் ஆவணி முற்பகுதிவரை நண்பகற் சூரியன் எமக்கு வடக்கே நிற்கின்றான். அக்காலத்துக் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் வடக்கு யன்னலாலும் நுழையும். அவ்வெயிலில் தந்தம் வெண்ணெயாகி விடுகின்றது!

அவ்வறை என் அன்னையாருக்குரியது. பகலின் பெரும்பகுதியும் அவர் அச்சுவரையே பார்த்திருப்பவர். இரு விழியிலும் கண்புரை. ஒன்றுக்குச் சத்திரசிகிச்சை ஆயிற்று, மற்றையதற்கு இனித்தான். புரையேறிய வில்லை மஞ்சளித்து நீலவொளியைத் தடுக்கும். அதனை அகற்றியபின் வெண்மை நீலஞ் சார்ந்து தோன்றும். பிரெஞ்சு ஓவியர் மொனே 1923ஆம் ஆண்டில் புரை அகற்றப்பெற்றபின் நிறங்களோடு பெரிதும் இடர்ப்பட்டார்.

அன்னையாரைச் சுவர்முன் இருத்திக் கேட்டேன். சிகிச்சை பெறாத கண்ணாற் பார்த்து, "ரெண்டும் ஒண்டுதானே, தம்பி" என்றார். மற்றைக் கண்ணாற் பார்த்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு சங்கு நிறத்தைத் தொட்டு, "கொப்பர் சுண்ணாம்பு அடிச்ச வீடு இப்பிடித்தான் இருந்தது" என்றார். சுண்ணாம்போடு சிறிது நீலங் கரைத்துப் பூசுவது அக்கால வழக்கம். தந்தையார் மறைந்தபின் அவ்வீட்டைப் பற்றி அன்னையார் வாய்திறந்தது அன்றுதான்.

சங்கு நிறமே பூசுவித்தோம். கதவு நிலைக்கு மாத்திரம் கருங்காவி. இரவில் எழும்பும் முதியோர்க்கு வாயில் தெரியவேண்டும். தந்த நிறம் விறாந்தைக்குப் போயிற்று.