'உன்சர்' என்னும் ஒரு சொல்

ஜெர்மன் மொழியைப் புதிதாகப் பயில்வோர் உடைமைச் சொற்களின் ஈறுகளுக்கே அஞ்சுவர்: என் தந்தை, 'மைன் ஃபாட்டர்'; என் தாய், 'மைனெ முட்டர்'. மனனம் செய்தால் அது வசப்படும். என்னைத் தயங்க வைப்பது 'உன்சர்'. 'நம்', 'எங்கள்' இரண்டிற்கும் அங்கே அவ்வொரு சொல்லே.

'எங்கள் ஊர்' என்றால் கேட்பவர் அயலார். 'நம் ஊர்' என்றால் அவரும் ஊரார். தெலுங்கிலும் 'மா', 'மன' என அவ்வேறுபாடு உண்டு. ஆய்வின்பொருட்டு ஜீடிமெட்லாவில் குடியேறிய என்னிடம் பல மாதங்கள் 'மா ஊரு' என்றே பேசிவந்த அண்டை வீட்டு அம்மையார், ஒருநாள் 'மன ஊரு' என்றார். வரவேற்புரை வேறு தேவைப்படவில்லை.

நாளை ஜெர்மனியில் ஒருவர் 'உன்சர்' என்கையில் அதனுள் நான் உண்டா என்பதை இலக்கணம் உரைக்காது. மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்கள் அதனைச் சூழலிலிருந்தே உய்த்துணர வேண்டும். சிலவேளை, கேட்டே தெளிய வேண்டும்.