சமோவா மொழியின் இரண்டு உச்சரிப்புகள்

அன்புள்ள பேத்திக்கு,

ஆக்லாந்துப் பள்ளியில் சமோவா மொழியைப் பாடமாக எடுக்கத் தமிழ்ப் பெண்ணுக்கு என்ன உரிமை என்னும் பேத்தியின் கேள்வி நியாயமானதே. ஆயினும், அக்கேள்வி ஆங்கிலத்தில் வந்து சேர்ந்ததில் தாத்தாவுக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு.

அதற்கு விடை காணுமுன் அம்மொழியைச் சற்று அறிந்துகொள்வோம். 1830-இல் மதபோதகர் ஜான் வில்லியம்ஸ் சமோவாவின் சவாயித் தீவில் இறங்கியதைத் தொடர்ந்து லண்டன் மிஷன் சங்கத்தார் சமோவா மொழிக்கு ரோமன் எழுத்தில் வரிவடிவம் அமைத்தபின், ஊர்தோறும் போதகரிடமே பிள்ளைகள் எழுத்துக் கற்றனர். ‘பி தௌதௌ’ எனப்படும் பட எழுத்து அட்டையை இராகத்தோடு ஓதும் பழக்கம் குடியேறியோருடன் நியூசிலாந்துக்கும் வந்தது. அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 1996-இல் இம்மொழிக்குத் தனிப் பாடத்திட்டம் வெளியிட்டது.

சமோவா மொழிக்கு இரண்டு உச்சரிப்புகள் உண்டு என்பதே இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. வழிபாட்டிலும் வகுப்பிலும் தகரம் ஒலிக்கும். வீட்டில் அதே இடத்தில் ககரம் ஒலிப்பதால், விண்மீனைக் குறிக்கும் ‘ஃபெதூ’ அங்கே ‘ஃபெகூ’ ஆகிறது. முன்னது நல்ல பேச்சு என்றும் பின்னது கெட்ட பேச்சு என்றும் பெயர் பெற்றிருப்பினும், ஊர் மன்றத்தில் ஊன்றுகோலைப் பிடித்து, தென்னை நாரால் ஆன ‘ஃபுஎ’ என்னும் வீசுகோலைத் தோளில் போட்டபடி முழங்கும் ‘துலாஃபலே’, அதாவது குலத்தின் சார்பில் பேசும் தலைவர், தம் உரையை நிகழ்த்துவது ககரத்தில்தான். தமிழில் மேடை ஏறியதும் வீட்டுப் பேச்சு விலகிக்கொள்ள, சமோவாவிலோ மிக உயர்ந்த சபைப் பேச்சு வீட்டு உச்சரிப்பிலேயே நிகழ்வதால், அதற்குக் கெட்ட பேச்சு என்னும் பெயர் சற்றும் பொருந்தாது. 1976-இல் ஆக்லாந்தின் ஓத்தாராவில் தொடங்கிய பாலிஃபெஸ்ட் என்னும் பள்ளிப் பண்பாட்டு விழாவில் ஆடவும் பேசவும் ஆயத்தமாகும் மாணவர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

உரிமையைப் பொறுத்தவரை, ‘ஃபஅசமோவா’ எனப்படும் சமோவா வாழ்முறையில் ஒருவரின் மதிப்பைப் பிறப்போடு ‘தௌதுவா’ என்னும் தொண்டும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அமர்ந்திருக்கும் பெரியவர்களைக் கடக்கையில் குனிந்து ‘துலௌ’ என்று சொல்லுதல், அவர்கள் உண்டபின் உண்ணுதல் ஆகியவற்றைச் செய்துதான் கற்கவேண்டும்.

அயலாரிடம் தகரத்தில் பேசுவது சமோவா மக்களின் மரியாதை. ஆகவே சமோவாத் தோழி ஒருத்தியின் பாட்டி தொடக்கத்தில் பேத்தியைக் கண்டதும் தகரத்துக்கு மாறிக்கொள்ளக்கூடும். அவர் மாறாமல் ககரத்திலேயே பேச்சைத் தொடரும் நாள் வருமாயின், உரிமை பற்றிய கேள்வியை அவ்வீட்டார் தீர்த்துவிட்டனர் என்று கொள்ளலாம்.

அன்புடன்,
தாத்தா