கவைக்கோல்

ஒரு முக்காலி வாங்கிய கதைக்கு ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிரிக்கலாம். நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தாம்.

மீஞ்சூரிலிருந்து பனிக்கால ஞாயிறுகளில் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகும் ஆசிரியர்கள் நாங்கள் நால்வர். எங்களோடு மாணவர் ஏழெட்டுப் பேர். ஆளுக்குக் கொஞ்சமாய் மாதாமாதம் சேர்த்த பணத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கினோம். 20 மடங்கு முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவது. பணம் முழுவதும் கண்ணாடிக்கே போயிற்று. அதைத் தாங்கும் கால்களுக்கு மிஞ்சியது சொற்பம். கடையில் இருந்தவற்றுள் விலையும் எடையும் மிகக் குறைந்த முக்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தோம். தாங்குவதற்குத்தானே என்பது எங்கள் வாதம்.

ஜனவரி மாதத்து ஒரு காலை. ஏரியின் ஆழமற்ற பகுதியில் பூநாரைகள் சில நூறு மேய்ந்துகொண்டிருந்தன. அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் அமிழ்த்தி வடிகட்டி உண்ணும் பறவைகள் அவை. கூட்டத்தில் முதிர்ந்தவை எத்தனை, சாம்பல் நிறம் மாறாத இளம்பறவைகள் எத்தனை என்று எண்ணுவது மாணவர்களுக்கு அன்றைய வேலை. முக்காலியின் கால்கள் குட்டை. கண்ணுயரத்துக்கு வரவேண்டுமென்று நடுத்தண்டை முழுதும் உயர்த்தினோம். வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. 60 மடங்கில் வைத்தபோது பறவைகள் தெரியவில்லை; இளஞ்சிவப்பாய் ஒரு நடுக்கம் தெரிந்தது. பெரிதாக்கும் கருவி ஆட்டத்தையும் சேர்த்தே பெரிதாக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து நாங்கள் செய்ததுதான் சொல்லக் கூசுவது. கொஞ்சம் கிட்டப் போனால் தெரியும் என்று நகர்ந்தோம். பத்தடி. மறுபடி பத்தடி. எத்தனையாவது பத்தடி என்று நினைவில்லை, கூட்டம் முழுதும் ஒரே சமயத்தில் எழுந்தது. சிறகுகளின் உட்புறச் செம்மை வானில் விரிந்தபோது மாணவர்கள் கைதட்டினார்கள். எங்களில் ஒருவர் படம்கூட எடுத்தார். பறவைகள் வடக்கே போய் மறைந்தன. மேய்ச்சல் அரைகுறையாய் நின்றது. நண்பகல் வரை காத்திருந்தோம். அவை திரும்பவில்லை.

மறுவாரம் எங்கள் மாணவன் ஒருவன் தன் தாத்தாவை அழைத்து வந்தான். நரிக்குறவர், எழுபதைக் கடந்தவர். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தைய நாட்களில் நாட்டுத் துப்பாக்கியோடு இந்தக் கரைகளில் திரிந்தவர். முக்காலியை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். அது ஆடி ஓயும்வரை பொறுத்திருந்தார்.

"கோலு ஆடுச்சின்னா ஆளு கிட்ட போவான் சார். கிட்ட போனா பறவ எந்திரிச்சிரும்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர் பார்க்கவில்லை, பேரனும் சொல்லியிருக்கவில்லை.

அவருடைய துப்பாக்கியில் குழலின் வாய்வழியே மருந்தும் ரவையும் போட்டு இடிக்கவேண்டும். ஒரு வெடி தவறினால் மறுவெடிக்குள் பறவை ஊர் தாண்டிவிடும். ஆகவே கருவேலங்கிளையில் கவையாகப் பிரிந்த கம்பு ஒன்றை வெட்டி எப்போதும் வைத்திருப்பாராம். குந்தி உட்கார்ந்தால் தாடை உயரம், அதுதான் அளவு. கவைக்கோல் இல்லாமல் சுட்டால் பாதி உயிரோடு பறவை கோரைக்குள் போய் விழும், அதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது என்றார்.

தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு வேட்டுவன் என்றால் வல்வில் ஓரிதான். அவன் விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அவன் கை நடுங்கியதாகப் பாட்டு இல்லை. ஆனால் மெய்யான வேட்டைக்காரர்கள் தம் கை நடுங்கும் என்பதை ஒப்புக்கொண்டவர்கள். பதினேழாம் நூற்றாண்டின் கனத்த துப்பாக்கிகளைக் கவைக்கோலில் தாங்கியே சுட்டார்கள். 1613இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். அங்கே வெடிமருந்தும் செய்தனர். இந்த ஏரிக்கரை வெடிச்சத்தத்துக்குப் புதியதன்று.

எங்களில் இயற்பியல் ஆசிரியர் கணக்கை விளக்கினார். ஒற்றைக் கோல் மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் நிறுத்தும். குறுக்காகக் கட்டிய இரண்டு கோல்கள் பக்கவாட்டு ஆட்டத்தையும் குறைக்கும். முன்பின் ஆட்டம் மிஞ்சும். மூன்று கோல்கள்தாம் தாமாக நிற்கும். ஆப்பிரிக்காவில் வேட்டைக்கு வழிகாட்டுவோர் மூன்று நீண்ட கழிகளை மேல்முனையில் ரப்பர்ப் பட்டையால் கட்டி வைத்திருப்பது இதனால்தான். அதிலும் துப்பாக்கியின் முன்கட்டையைத்தான் கோலில் சாய்ப்பார்கள். குழலைச் சாய்த்தால் குறி விலகும். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு எங்கள் முக்காலியைக் காட்டினார்: "நடுத்தண்டை முழுக்கத் தூக்கிவிட்டீர்கள் அல்லவா? மூன்று கால்களின் மேல் ஓர் ஒற்றைக் கோலை நட்டிருக்கிறீர்கள்."

அடுத்த முக்காலிக்கு மேலும் எட்டு மாதம் சேர்த்தோம். இம்முறை கடையில் பார்த்தவை வேறு. நடுத்தண்டை உயர்த்தாமலே கண்ணுயரம் வரவேண்டும். கால்கள் ஐந்து மடிப்பாக இராமல் மூன்று மடிப்பாக இருக்கவேண்டும். மடிப்பு கூடக்கூடக் கடைசிக் கால் குச்சியாகிவிடும். தலைப்பகுதி எல்லாப் பக்கமும் உருளுவதாக இல்லாமல், கைப்பிடியால் மெல்லத் திருப்புவதாக இருக்கவேண்டும். கார்பன் இழைக்கால் இலேசானது, அதிரும் நேரமும் குறைவு. விலை கேட்டுத் திரும்பி வைத்தோம். அலுமினியத்தில் இரண்டரைக் கிலோ எடையுள்ளது கிடைத்தது. சுமக்க மாணவர்கள் முறைவைத்துக்கொண்டார்கள். உப்புநீர் அரிக்கும் என்பதால் வீடு வந்ததும் கால்களை முழுக்க நீட்டி நல்லதண்ணீரில் கழுவுகிறோம். சேற்றில் புதையாதிருக்கக் காலுக்கொன்றாகக் கொட்டாங்கச்சி வைக்கலாம் என்று கண்டுபிடித்தவள் ஒரு மாணவி. நடுவிலுள்ள கொக்கியில் எங்கள் சோற்றுப்பை தொங்கும். காற்றுக்கு அது எதிரெடை.

சென்னையில் வாழ்ந்து 1996இல் மறைந்த ம. கிருஷ்ணன், பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே பொருத்திய கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு காடுகளில் அலைந்தவர். அவருடைய கறுப்புவெள்ளை யானைகளைப் பார்க்கும்போதெல்லாம் யானையை மட்டும் பார்த்திருக்கிறோம். எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்திருப்பார் என்று இப்போதுதான் யோசிக்கிறோம். வேட்டைக்காரனுக்குக் கோல், தூரத்திலிருந்தே உயிரை எட்டுவதற்கு. நமக்கு, எட்டாமல் இருப்பதற்கு. கருவி ஏறத்தாழ ஒன்றுதான்.

சென்ற பருவத்தில் பெரியவர் மறுபடி வந்தார். பூநாரைகள் முன்பு மேய்ந்த இடத்திலேயே இருந்தன. நாங்கள் கரைமேட்டில் நின்றோம். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மாணவர்கள் எண்ணி முடித்து 214 என்றார்கள்; அதில் இளம்பறவை 31. பறவை ஒன்றும் தலைதூக்கவில்லை. பெரியவர் கண்ணை எடுத்து முக்காலியை ஒரு விரலால் தட்டினார். ஆடவில்லை.

"நல்லாத்தான் நிக்குது. இன்னும் கொஞ்சம் பின்னாடி வெச்சாலும் தெரியும் சார்" என்றார்.

பின்னால் கொண்டுபோய் வைத்தோம்.