சங்கிலியில் நிற்கும் ரொட்வைலர்

எங்கள் தெரணியகலைப் பக்கமும் பெரிய நாய்கள் வளர்க்கும் ஆசை கூடிவிட்டது. அதற்குப் பயந்து என் வகுப்புப் பிள்ளை ஒன்று சுற்றுப்பாதையால் பள்ளிக்கு வருகிறது.

ரொட்வைலர் ஜெர்மனியின் ரொட்வைல் நகரில் மாடு ஓட்டிய நாய். ஜெர்மன் ஷெப்பர்டை 1899இல் ஸ்டெபனிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, ஆடு மேய்க்கும் நாய்களில் இருந்து தனி இனமாக்கினார். நாள் முழுக்க ஓடி, சொல் கேட்டு வேலை செய்யப் பிறந்தவை. நாலடிச் சங்கிலியில் கட்டிப்போட்டால் மூர்க்கம் வராமல் என்ன வரும்?

குட்டி மூன்று மாதமாகும் முன்பே ஆட்களையும் த்ரீவீல் சத்தத்தையும் பழக்க வேண்டும். அடித்தல்ல, தீனி கொடுத்து. பழக்கிய வேட்டை நாய் பிடித்ததை உண்ணலாம் என்று சூரா அல்மாயிதாவே சொல்கிறதே!

வளர்ப்பவர்களே, பள்ளி நேரத்தில் கேட்டைப் பூட்டுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு: நாய் வந்தால் ஓட வேண்டாம். கண்ணைப் பார்க்காமல் அசையாமல் நில்லுங்கள்.